தெற்கு ஜன்னலும் ஒப்ராத்தின் மீசையும்

ப்ரெசோவிக்கில் குளிர்காலத்தில் ஒருவன் செத்துப்போனால் என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. எந்த ஜன்னல் திறந்திருந்தது என்றுதான் கேட்பார்கள்.

ஒரு ஜன்னல் திறந்திருந்தால் அது வெறும் காற்று. எதிரும் புதிருமாக இரண்டு திறந்திருந்தால் அது ஊடுகாற்று. காற்று மேலே பட்டுவிட்டுப் போய்விடும். ஊடுகாற்று அப்படியில்லை, முதுகு வழியாக இறங்கிச் சிறுநீரகத்தில் குடித்தனம் வைத்துவிடும். வியர்த்த உடம்பென்றால் கேட்கவே வேண்டாம். ஒப்ராத்தின் சித்தப்பா போரில் இரண்டு குண்டு வாங்கியும் பிழைத்து வந்த ஆள். பிறகு ஒருநாள் ரயிலில், இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்திருந்த பெட்டியில் ஏறினார். அவ்வளவுதான். அடுத்த வாரம் அவர் சாவுச் சடங்கில் ஊரே வேகவைத்த கோதுமை சாப்பிட்டது.

அப்படிப்பட்ட ஊரில் ஜன்னலைத் திறந்து மூடுகிற உரிமை யார் கையில் இருக்கிறதோ, அவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஊரின் கொதிகலன் ஆலைக்குச் சொந்தமான விளையாட்டு அரங்கத்தில் அந்த ஆள் ஒப்ராத். அவனுடைய உண்மையான வேலை என்னவோ அடித்தளத்து உலைக்குக் கரி அள்ளிப் போடுவதுதான். ஆனால் வடக்கே ஒரு வரிசை, தெற்கே ஒரு வரிசை என்று கூரையை ஒட்டி இருந்த ஜன்னல்களைத் திறக்கும் இரும்புத் திருகி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஒப்ராத்தின் இடுப்பு வாரில் வாள் மாதிரித் தொங்கும். அரங்கம் கட்டிய நாளிலிருந்து குளிர்காலத்தில் அவன் ஒரு ஜன்னலையும் திறந்ததில்லை. அதை அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

அவனுக்கு இன்னொரு பெருமை மீசை. கரித்தூளும் வயதும் கலந்து பாதி கறுப்பு, பாதி நரை. இரண்டு முனையும் காது மடலைப் பார்த்துக் கிளம்பியிருக்கும். கல்யாணத்துக்கு முன்பே வளர்த்த மீசை. அதற்குப் பின்னால் இருக்கும் உதட்டை அவன் பெண்டாட்டி தெசான்காகூடப் பார்த்தது கிடையாது.

"உள்ளாற என்னதாங்க இருக்கு?" என்று அவள் எப்போதாவது கேட்பாள்.

"உதடுதான். வேறென்ன, புகையிலைக் கடையா இருக்கும்?"

"ஒருவாட்டி பாத்துட்டா நிம்மதியா இருக்கும்."

"பாத்துட்டு என்ன பண்ணப்போற? ஆளை மாத்தப் போறியா?"

கடையில் காபித்தூள் கிடைக்காமல் வறுத்த பார்லியைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்த குளிர்காலம் அது. கொதிகலன் ஆலையின் கூடைப்பந்துக் குழுவுக்குக் கோட்லார் என்று பேர். அந்தக் குழு எப்படியோ முண்டியடித்துக்கொண்டு முதல்முறையாகக் கோராச் கோப்பைக்குள் நுழைந்திருந்தது. ஐரோப்பாவின் பல நாட்டுக் குழுக்களும் மோதுகிற கோப்பை. ஒவ்வொரு சுற்றிலும் அவன் ஊரில் ஒரு ஆட்டம், நம் ஊரில் ஒரு ஆட்டம். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, எவனுக்கு அதிகமோ அவன் மேலே போவான், மற்றவன் வீட்டுக்குப் போவான். கோட்லாருக்கு முதல் சுற்றிலேயே வாய்த்தது ஒரு பின்லாந்துக் குழு. அங்கே போன பையன்கள் பன்னிரண்டு புள்ளியில் தோற்றுத் திரும்பினார்கள். போதாக்குறைக்கு நான்கு பேருக்குக் கழுத்து திரும்பவில்லை.

"ஜன்னலைத் தொறந்து வெச்சு ஆடறானுங்க!" என்று சாராயக்கடையில் வந்து சொன்னான் அலமாரி ஜிவ்கோ. குழுவிலேயே உயரமானவன், அகலமானவன், அலமாரியைப் போலவே நகராதவன். பந்து அவனிடம் வந்தால் கூடையில் போடுவான். வராவிட்டால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பான். எதிராளி பந்தோடு இந்தப் பக்கம் ஓடும்போது அவன் அந்தப் பக்கமே நின்று, "வருவீங்கல்ல, வாங்க" என்று காத்திருப்பான். "ரெண்டு பக்கமும் தொறந்து வெச்சிருக்கான், அண்ணே. நாங்க கழுத்துல துண்டக் கட்டிக்கிட்டு ஆடினோம். துண்டு கட்டினா எப்பிடிக் குறி பாக்கறது?"

கடையே உச்சுக்கொட்டியது. ஒப்ராத் இரண்டாவது கோப்பை ராக்கியாச் சாராயத்தைக் குடித்து வைத்தபோது மேசை அதிர்ந்தது.

"இங்க வரட்டும். நம்ம உலை மேல அவனுங்கள வேகவெச்சு அனுப்பறேன். பனிக்கரடிக்குச் சூடு ஆவுமாடா?"

மூலையில் உட்கார்ந்திருந்த க்ளீஷா சிரித்தான். தெசான்காவின் அண்ணன். ஊருக்கே சவரக் கத்தி பிடிக்கிறவன். ஒப்ராத் மட்டும் அவனிடம் தலையைக் கொடுப்பானே தவிர மீசையைக் கொடுத்ததில்லை.

"மாப்ள, நீங்க வேகவெப்பீங்க சரி. பன்னெண்டு புள்ளி வெந்து வருமா?"

"வரும்."

"வரலேன்னா?"

இங்கேதான் ஒப்ராத் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் நாளெல்லாம் கரி அள்ளியவன் வயிற்றில் மூன்றாவது கோப்பை இறங்கினால், வாய் அவன் பேச்சைக் கேட்காது.

"நம்ம குழு இந்தச் சுத்தத் தாண்டலேன்னா, இந்தா, இந்த மீசைய எடுத்துடறேன்! அரங்கத்து நடுவுல, எல்லார் முன்னாலயும்!"

எங்கள் பக்கத்தில் மீசை மேல் சத்தியம் செய்தவன் அதை மீறினால், அவன் பேரன்கூட ஊரில் பெண் எடுக்க முடியாது.

க்ளீஷா தன் கோப்பையை மெதுவாக உறிஞ்சி முடித்துவிட்டு எழுந்தான். "கத்தியத் தீட்டணும், நான் வரேன்" என்றான்.

ஆட்டத்தன்று ஊரில் முழங்காலளவு பனி. ஒப்ராத் விடிவதற்கு முன்பே உலையைப் பிடித்துக்கொண்டான். வாரம் முழுக்க எரிக்க வேண்டிய கரியை மதியத்துக்குள் உள்ளே தள்ளினான். குழாய்கள் முக்கின, முனகின. மாலை ஐந்து மணிக்கு ஊரே அரங்கத்தில் வந்து அடைந்தது. வந்தவர்கள் முதலில் கோட்டைக் கழற்றினார்கள், பிறகு ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். கம்பளிக் கால்சட்டை போட்டிருந்த கிழவர்கள் கழற்றவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நெளிந்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் வழிந்தது. "நல்லாத்தான் காய வெச்சிருக்கான்" என்று பாராட்டினார்களே தவிர, ஜன்னலைத் திற என்று ஒரு வாயும் சொல்லவில்லை.

முன்வரிசையில் தெசான்கா. அவளுக்குப் பக்கத்தில், மடியில் ஒரு பித்தளைக் கிண்ணமும் தோள்மேல் வெள்ளைத் துணியுமாக க்ளீஷா. அவன் காலடியில் கடையிலிருந்து தூக்கி வந்த சவர நாற்காலி.

"இதென்ன மச்சான், சாவு வீட்டுக்கு முன்னாடியே பாடையா?" என்றான் ஒப்ராத்.

"எடம் புடிச்சு வெச்சேன், மாப்ள. கூட்டம் அதிகமாச்சே."

ஆட்டம் தொடங்கியது. ஒப்ராத் எதிர்பார்த்தது பாதி நடந்தது. வீரர்கள் வெந்தார்கள், நம் வீரர்கள். ஐந்தாவது நிமிடத்திலேயே பையன்களின் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. அலமாரி ஜிவ்கோ எதிராளியின் கூடைக்குக் கீழே போய் நின்றவன் ஒரு மரக்கிளையைப் போல மெல்ல வளைந்துகொண்டே வந்தான். பின்லாந்துக்காரர்களோ, என்னவென்று சொல்வது, மலர்ந்திருந்தார்கள். கன்னமெல்லாம் ரோஜா. தவ்னோ என்று செந்தாடி வைத்த ஒருவன், ஒவ்வொரு கூடை போட்ட பிறகும் கண்ணை மூடி ஆழமாக மூச்சு இழுத்து, சொர்க்கத்துக்கு வந்தவன் போலச் சிரித்தான்.

இடைவேளையில் ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தோம். பழைய பன்னிரண்டோடு சேர்த்தால் பதினேழு.

ஒப்ராத் ஓட்டமாக அடித்தளத்துக்கு இறங்கினான். இன்னும் சூடு போதவில்லை என்பது அவன் கணக்கு. மண்வெட்டியை எடுத்த நேரம் கதவு திறந்தது. தவ்னோவும் இன்னும் இரண்டு பேரும், இடுப்பில் துண்டு தவிர வேறொன்றும் இல்லாமல் உள்ளே வந்தார்கள். விருந்தாளிகளின் உடை மாற்றும் அறை பக்கத்துச் சுவர்தான். தவ்னோ உலையைக் காட்டினான். பிறகு வாளியில் இருந்த தண்ணீரைக் காட்டி, மொண்டு ஊற்றுவதுபோலச் சைகை செய்தான்.

ஒப்ராத்தின் மனம் துள்ளியது. உலையை அணைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான்! தாங்க முடியவில்லை!

"முடியாதுடா தம்பி" என்று அன்பாகத் தலையாட்டினான். "இன்னும் வேகணும் நீ."

தவ்னோ அதற்கு அசரவில்லை. தானே ஒரு குவளை தண்ணீரை மொண்டு உலையின் சூடான இரும்பு மேல் தெளித்தான். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. மூன்று பேரும் கரிக்குவியல் மேலேயே வரிசையாக உட்கார்ந்து, "ஆஆஹ்" என்று ஒரே குரலில் பெருமூச்சு விட்டார்கள். ஒருவன் விறகுக் கட்டிலிருந்து சுள்ளியை உருவித் தன் முதுகிலேயே அடித்துக்கொண்டான். தவ்னோ எழுந்து ஒப்ராத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் கண்ணில் நன்றிக் கண்ணீர்.

ஒப்ராத் இரண்டிரண்டு படியாக ஏறி நேராக க்ளீஷாவிடம் ஓடினான்.

"மச்சான், நீ ஸ்வீடன்ல கூலி வேலை பாத்தவன்தானே? இவனுங்களுக்கு என்ன ஆச்சு?"

"பின்லாந்துக்காரனா? அவனுங்க வீட்டுக்கு வீடு சுட்ட கல்லு வெச்ச ரூம் ஒண்ணு இருக்கும், மாப்ள. சனிக்கெழமையானா குடும்பத்தோட துணியில்லாம உள்ள போயி உக்காருவானுங்க. தண்ணி ஊத்தி ஆவியக் கெளப்பி, இலையால அடிச்சுக்குவானுங்க. அதுதான் அவனுங்களுக்கு விருந்து."

"அடப்பாவி! இத ஏன்டா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலியே" என்று க்ளீஷா கத்தியைத் தோல்வாரில் இரண்டு இழுப்பு இழுத்தான். "நானும் இத்தனை வருஷமாக் காத்திட்டிருக்கேன்ல?"

அதற்குள் பயிற்சியாளர் ஓடி வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "தோழர் ஒப்ராத்! உலைய அணைங்க! பசங்க செத்துருவானுங்க!"

"அணைக்கறதா? அது ராத்திரிவரைக்கும் அணையாது தோழர். அவ்வளவு ஊட்டியிருக்கேன்."

"அப்ப ஜன்னலத் தொறங்க!"

ஒப்ராத் இடுப்புத் திருகியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். "வேர்த்த புள்ளைங்க மேலயா? நீங்களும் தாய் வயித்துல பொறந்தவர்தானே?"

"ஒரு பக்கம் மட்டும்!"

ஒரு பக்கம் என்றால் ஊடுகாற்று இல்லை, வெறும் காற்றுதான். மனசாட்சிக்கு ஒரு வழி கிடைத்தது. இரண்டாம் பாதி தொடங்கியதும் ஒப்ராத் வடக்குச் சுவரில் திருகியைச் செருகிச் சுற்றினான். துருப்பிடித்த வரிசை கிறீச்சிட்டுத் திறந்தது. வடக்குப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலைத் துண்டை இறுக்கினார்கள். ஆனால் உள்ளே வந்த காற்று போக வழியில்லாமல் அங்கேயே தயங்கி நின்றது. கீழே பையன்கள் வெந்துகொண்டேதான் இருந்தார்கள். ஜிவ்கோ இப்போது எதிராளியின் தோள்மேல் சாய்ந்தே நின்றான்.

ஒப்ராத் தெற்குச் சுவரைப் பார்த்தான். பிறகு சவர நாற்காலியைப் பார்த்தான். க்ளீஷா கிண்ணத்தில் சோப்பை நுரைக்கத் தொடங்கியிருந்தான்.

நுரையைப் பார்த்ததும் ஒப்ராத்துக்குள் ஏதோ அறுந்தது. சித்தப்பாவின் ஆவியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தெற்குச் சுவருக்கு ஓடினான். திருகியைச் செருகினான். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான்.

வந்தது பாருங்கள் காற்று! வடக்கே புகுந்து, பனியைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு, வியர்த்த தலைகளையெல்லாம் தடவிவிட்டுத் தெற்கே போனது. அடுத்த நொடி அரங்கமே எழுந்து நின்று ஒற்றைக் குரலில் அலறியது:

"மூடுடாஆஆ!"

கழற்றிய ஸ்வெட்டர்கள் தலைகீழாகத் தலையில் ஏறின. ஒருவன் கோட்டு இன்னொருவன் மேல் போனது. ஆலை மருத்துவர், படித்த மனிதர், செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் முதுகுப் பக்கம் செருகிக்கொண்டார். "மூடு! மூடு!" என்று காலால் தட்டித் தட்டி ஊரே கத்தியது. பின்லாந்துக்காரர்களுக்கு மொழி தெரியாது. அது ஏதோ போர் முழக்கம் என்று நினைத்து, ஃப்ரீ த்ரோ போட நின்றவன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே எறிந்தான். பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை.

ஆனால் உண்மையான அதிசயம் தளத்தில் நடந்தது. வியர்த்த உடம்போடு ஊடுகாற்றில் நிற்பவன் சாவான் என்பது கோட்லார் பையன்கள் தாய்ப்பாலோடு குடித்த பாடம். நிற்காவிட்டால்? நிற்காவிட்டால் பிழைக்கலாம். எனவே ஓடினார்கள். பந்து இருந்தாலும் ஓடினார்கள், இல்லாவிட்டாலும் ஓடினார்கள். அலமாரி ஜிவ்கோ பிறந்ததிலிருந்து முதல்முறையாக நடுக்கோட்டைத் தாண்டித் தன் கூடைக்குத் திரும்பி வந்தான். வந்த வேகத்தில் பந்தைத் தட்டிப் பறித்தான், நிற்கப் பயந்து அப்படியே மறுபக்கம் ஓடிக் கூடையில் போட்டான். உடனே மறுபடியும் திரும்பி ஓடினான்.

"ஜிவ்கோ, வெளிய வா, கொஞ்சம் உக்காரு!" என்று பயிற்சியாளர் கூப்பிட்டார்.

"உக்காரறதா? எங்க அம்மாவுக்கு நான் ஒரே புள்ள, தோழர்!"

வெளியே பெஞ்சில் இருந்தவர்களும் உட்காரவில்லை. எல்லைக்கோட்டோரம் குதித்துக்கொண்டே, "என்ன உள்ள விடுங்க, முதுகு குளிருது" என்று கெஞ்சினார்கள்.

பின்லாந்துக்காரர்கள் சூட்டுக்கும் அஞ்சவில்லை, குளிருக்கும் அஞ்சவில்லை. ஓடுகிற அலமாரியைத்தான் அவர்கள் எந்தக் காலத்திலும் பார்த்ததில்லை. வித்தியாசம் கரைந்தது. ஐந்து மேலே, எட்டு மேலே, பத்து மேலே. கடைசி மணி அடிக்கும் நேரத்தில் ஜிவ்கோ ஓடிக்கொண்டே எறிந்த பந்து வளையத்தில் இரண்டு தடவை யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது.

பன்னிரண்டு புள்ளி வித்தியாசம். அங்கே அவர்கள் பன்னிரண்டு, இங்கே நாம் பன்னிரண்டு. சமம். நடுவர் ஐந்து விரலைக் காட்டினார். இன்னும் ஐந்து நிமிடம் ஆட வேண்டும்.

ஒப்ராத் திருகியைத் தெற்குச் சுவரிலேயே விட்டுவிட்டுத் தளத்துக்குள் பாய்ந்து, ஜிவ்கோவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டான். எட்டிய இடம் அதுதான். பிறகு தெற்கு ஜன்னலுக்கு நேர் கீழே வந்து, இரண்டு கையையும் விரித்து நின்றான். மீசை காற்றில் கொடிபோல ஆடியது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவன் நின்றதில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

ஊளையிட்ட காற்று திடீரென்று அடங்கியது.

கண்ணைத் திறந்தான். தெற்கு வரிசை மூடியிருந்தது. சுவரோரம் தெசான்கா நின்றிருந்தாள், கையில் திருகியோடு. அரங்கமே அவளுக்குக் கைதட்டியது.

"அடியே! என்ன பண்ணின?"

"சட்டையத் தொட்டுப் பாருங்க. புழிஞ்சா ஒரு வாளி வரும். நேரா ஊடுகாத்து வாயில நின்னுக்கிட்டு டான்ஸா ஆடறீங்க?"

"குடு அத! திருகியக் குடு!"

"தர மாட்டேன்" என்று அவள் அதைப் பாவாடை இடுப்புக்குள் செருகிக்கொண்டாள். ஊர் முன்னிலையில் அங்கிருந்து அதை எடுக்க எந்தப் புருஷனால் முடியும்?

நடுவர் பந்தைத் தூக்கிப் போட்டார். காற்றில்லாத அரங்கத்தில் ஜிவ்கோ இரண்டு அடி ஓடினான், முதுகைத் தடவிப் பார்த்தான், ஆபத்து நீங்கியதை உணர்ந்தான். "அப்பாடா" என்று இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான். மற்றவர்களும் அப்படியே. ஐந்து நிமிடம் முடிந்தபோது கோட்லார் பத்துப் புள்ளியில் வென்றிருந்தது. தேவைப்பட்டது பன்னிரண்டுக்கு மேல்.

"ஜெயிச்சோமே!" என்று ஒப்ராத் கத்தினான். "பாருங்க, பலகையில போட்டிருக்கான், நாமதான் ஜெயிச்சோம்!"

"ஜெயிச்சோம் மாப்ள, யாரு இல்லேன்னா?" என்று க்ளீஷா சவர நாற்காலியைத் தளத்தின் நடு வட்டத்துக்கு இழுத்துக்கொண்டே சொன்னான். "ஆனா நீங்க சத்தியம் பண்ணது ஜெயிக்கறதுக்கு இல்ல. சுத்தத் தாண்டறதுக்கு. உக்காருங்க. சோப்பு காயுது."

ஒப்ராத் சுற்றிலும் பார்த்தான். ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. கழுத்தில் துண்டு சுற்றிய ஊர் முழுக்கக் காத்திருந்தது. ஊடுகாற்றைத் திறந்துவிட்டவன்மேல் அவர்களுக்கு இரக்கம் வருமா என்ன? போய் உட்கார்ந்தான்.

க்ளீஷா ஒரு பூசாரியின் பக்தியோடு வேலை பார்த்தான். வலது பாதி விழுந்தது, பெண்கள் "ச்சு" என்றார்கள். இடது பாதி விழுந்தது, கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள், ஜன்னல் நினைவு வந்து மறுபடியும் போட்டுக்கொண்டார்கள். பின்லாந்துக்காரர்கள் வரிசையாக நின்று மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெற்றி பெற்ற விருந்தாளிக்கு இந்த ஊர் செய்கிற சடங்கு என்று அவர்களுக்குள் முடிவாகியிருக்க வேண்டும். ஒப்ராத் எழுந்ததும் தவ்னோ நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வணங்கினான். பிறகு அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து செந்தாடியை நிமிர்த்திக் காட்டினான். அவனுக்குப் பின்னால் மற்ற ஒன்பது பேரும் வரிசை கட்டினார்கள். அவர்களில் நான்கு பேருக்குத் தாடியே இல்லை.

"மாப்ள, நம்ம ஊருக்கு வந்த அதிர்ஷ்டம் இதுதான்!" என்று க்ளீஷா புது நுரை கலக்கினான்.

ஒப்ராத் தெசான்காவின் முன்னால் போய் நின்றான். உரித்த கோழிபோல இருந்தது அவன் மேலுதடு. அவள் பக்கத்தில் வந்து பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள்.

"இதுக்குத்தானே ஜன்னல மூடின?" என்றான்.

"உங்க சிறுநீரகத்துக்காக மூடினேன். மீசை போனா மொளைக்கும். அது மொளைக்குமா?"

அவன் மேலுதட்டைத் தடவிக்கொண்டான். "சரி, பாத்துட்ட. எப்பிடி இருக்கு? சொல்லித் தொலை."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. "அச்சு அசல்... எங்கண்ணன் மாதிரியே இருக்கீங்க."

"அப்ப அழகன்தான்!" என்றது நாற்காலிப் பக்கத்திலிருந்து குரல்.

வெளியே பனிக்காற்று தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தது. வாசலிலேயே தெசான்கா அவனை நிறுத்தித் தன் தலைத் துண்டை அவிழ்த்து, அவன் வாயைச் சுற்றிக் காதுவரை இழுத்துக் கட்டினாள். முடிச்சைப் பின்னங்கழுத்தில் இரண்டு தடவை போட்டாள்.

"அந்த ஒதட்டுக்குக் கல்யாணத்துலேர்ந்து காத்தே படல. எடுத்தவுடனே இவ்வளவு தாங்காது."

துண்டுக்குள்ளிருந்து அவன் ஏதோ முனகினான். இன்னும் ஐந்து நிமிடம் அவள் பொறுத்திருந்தால் என்கிற மாதிரி ஏதோ.

"என்ன முணுமுணுப்பு?" என்றாள் அவள், அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டே. "வாய மூடிக்கிட்டு வாங்க. காத்து உள்ள போயிரும்."